டீச்சருக்கும் ஜட்ஜுக்கும் பல் ராவிய நாள்

மாமியார் கண்டவரையெல்லாம் திட்ட மாட்டாள். அவளுடைய திட்டு அவளுடையவர்களுக்கு மட்டும்தான். பெற்ற மகனைத் திட்டுவாள். லாயத்தில் நிற்கிற குதிரையையும் கோவேறு கழுதைகளையும் திட்டுவாள். பழைய லாரி, ஒழுகுகிற குழாய், ஒழுங்காகச் சாத்தாத கதவு, எதுவும் அவள் வாய்க்குத் தப்பாது. வெளி ஆள் என்றால் பேச்சே வேறு. வரி கேட்டு வருகிற அதிகாரியிடம், "வாங்க, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று குரலில் தேன் வழியும். அந்தத் தேன்தான் மருமகளுக்கும் கிடைத்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்னமும், "டாக்டரம்மா, சாப்பிட வர்றீங்களா? சிரமப்படாதீங்க, நானே எடுத்து வெக்கிறேன்" என்றுதான் பேச்சு.

இதில் உனக்கு என்ன குறை என்று கேட்டால் மருமகளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. மாமியார் என்னைத் திட்டவே மாட்டேன் என்கிறாள் என்று எந்தப் பெண் பிறந்த வீட்டில் போய் அழ முடியும்? அழுதால் பெற்றவளே முதுகில் ஒன்று வைப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் அரித்தது. காலையில் அடுக்களை ஜன்னல் வழியாக லாயத்துச் சத்தம் கேட்கும். "டேய் சோம்பேறி, காலைத் தூக்குடா. ராத்திரி முழுக்கத் தூங்கினது பத்தலையா உனக்கு? துரைக்கு எழுந்திருக்க வலிக்குதோ?" என்று ஒரு கழுதையின் குளம்பை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் கொஞ்சுவாள். இவள் டம்ளரும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கழுதையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற காலம் வரும் என்று படிக்கிற நாளில் யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவள் கால்நடை டாக்டர். அதிலும் குதிரைப் பல் அவளுக்குக் கைவந்த வேலை. பந்தயக் குதிரை, சவாரிப் பள்ளிக் குதிரை, வண்டிக் குதிரை என்று நகரத்தில் பாதிக் குதிரைகள் அவளிடம் வாயைத் திறந்திருக்கின்றன. குதிரைப் பல் நம்முடையதைப் போல முளைத்ததோடு நிற்பதில்லை. தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும். பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்பதில் கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்தியாகிவிடும். மேல் பல் கன்னத்தைக் கிழிக்கும், கீழ்ப் பல் நாக்கைக் கிழிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்து, கூராக நிற்கிற ஓரங்களை அரத்தால் ராவிவிட்டால் தொந்தரவு இல்லை. இதை ஊரெல்லாம் போய்ச் செய்துவிட்டு வருகிறவளுக்கு, சொந்த அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற லாயத்தில் மட்டும் வேலை இல்லை. அங்கே பழகிய பழைய டாக்டர் குடிபெயர்ந்து போன பிறகும் மாமியார் வெளியூரிலிருந்து வேறொருவரை ஏற்பாடு செய்தாளே ஒழிய, மருமகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று புருஷனைக் கேட்டுப் பார்த்தாள்.

"எதை?"

"வீட்டுலயே டாக்டர் ஒருத்தி இருக்கான்னு."

"அது அம்மாவுக்குத் தெரியுமே" என்றான் அவன். நல்ல மனுஷன்தான். ஆனால் சில விஷயங்களை அவனிடம் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்று.

மாமியாருக்குச் சுமை ஏற்றும் தொழில். லாரி போகாத மலைப்பாதையில், உச்சியில் இருக்கிற விடுதிக்கு அரிசி, காய்கறி, சிலிண்டர், சோப்பு, மெத்தை என்று எல்லாம் அவளுடைய நான்கு கோவேறு கழுதைகளின் முதுகில்தான் போகும். அவற்றுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பெண்குதிரை நடக்கும். கோவேறு கழுதைக்கு அப்பன் கழுதை, தாய் குதிரை. அதனாலோ என்னவோ, பெண்குதிரை எங்கே போனாலும் அதுகள் பின்னாலேயே போகும். குதிரையின் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டால் போதும், எதிரே இருப்பது தெரியாத பனிமூட்டத்திலும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரிசை கலையாமல் ஏறிவிடும். மணியும் வரிசையுமாக நடக்கிறபடியால் அந்தக் குதிரைக்கு டீச்சர் என்று பெயர். கழுதைகளில் பெரியவன் ஜட்ஜ். எதைக் காட்டினாலும் இரண்டு காதையும் முன்னால் நீட்டுவான், நன்றாகப் பார்ப்பான், யோசிப்பான், அப்புறம்தான் தீர்ப்பு. தீர்ப்பு சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

அந்த ஜட்ஜ் கொஞ்ச நாளாகச் சரியாகத் தின்னவில்லை. புல்லை வாயில் வாங்கிச் சவைப்பான், தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பான், பாதியில் உருண்டையாகத் துப்பிவிடுவான். தொட்டிக்குக் கீழே ஈர உருண்டைகள் கிடக்கும். "திமிரு! தின்னு கொழுத்த திமிரு! நல்ல புல்லைத் துப்பறான் பாரு. உனக்குன்னு தனியா ஆக்கிப் போடணுமாடா?" என்று மாமியார் விளாசுவாள். ஜன்னலில் நின்றவளுக்கு அந்த உருண்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கோளாறு பல்லில் என்று. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடாத இடத்தில் மூக்கை நுழைத்து, படித்த திமிர் என்று பேர் வாங்கிவிட்டால்? எப்படியும் வெளியூர் டாக்டர் வரப்போகிறார், பார்த்துக்கொள்வார் என்று விழுங்கிவிட்டாள்.

அவர் வரவேண்டிய அன்றைக்கு அவருடைய வண்டி எங்கேயோ மலைச் சாலையில் படுத்துவிட்டது. மாமியார் மகனுடைய அறை வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், தொண்டையைக் கனைத்தாள்.

"டாக்டரம்மா, லீவு நாள்ல தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. நாளைக்கு விடியறப்பவே மேல சுமை ஏத்தணும். டீச்சருக்கும் ஜட்ஜுக்கும் பல்லு பாக்கணும்னு இருந்தேன். அந்த டாக்டரால வர முடியலையாம். இந்த ஒரு தடவை மட்டும் நீங்க..."

"பாக்கறேன் அத்தை" என்று, மாமியார் முடிக்கும் முன்பே இவள் எழுந்துவிட்டாள்.

"அடுத்த தடவை அவரே வந்துருவாரு. உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன்."

வந்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது. மீதிப் பாதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கருவிப்பெட்டியை எடுத்தாள். இன்றைக்கு ஒரு குற்றம் சொல்ல முடியாதபடி வேலையை முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் அப்புறம் வெளியூர்க்காரர் எதற்கு? சொதப்பினால், ஆயுசுக்கும் இந்த வீட்டில் அவள் விருந்தாளிதான்.

லாயம் நீளமான ஓட்டுக்கொட்டகை. ஒரு சுவரில் சுமைச் சேணங்கள் வரிசையாகத் தொங்கும், இன்னொரு மூலையில் வைக்கோல் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். நடுவில் குறுக்கே ஒரு உத்திரம். கதவு இடுப்பளவு உயரம். அதற்கு ஒரு மரத் தாழ்ப்பாள். வெளியே முற்றத்தில் நான்கு கழுதைகளும் புல் தின்றுகொண்டிருந்தன. மாமியார் வெந்நீர் போட அடுக்களைக்குப் போனாள். வாளி தூக்கவும் தலையைப் பிடிக்கவும் புருஷன் வந்தான். வந்தான் என்பதைவிட இழுத்து வரப்பட்டான் என்பது பொருத்தம். பிறந்து வளர்ந்தது இந்த முற்றத்தில்தான் என்றாலும், சின்ன வயதில் ஒரு கழுதை அவன் தொடையில் குத்திய முத்திரை இன்னும் அழியவில்லை. அன்றிலிருந்து அவன் லாரியோடு சரி.

எந்தப் பல் டாக்டரும் சாதுவான நோயாளியிடம்தான் போணி பண்ணுவார். கை சூடேறிய பிறகு முரடனிடம் போகலாம். அவளும் டீச்சரை உள்ளே கூட்டி வந்து கதவைத் தாழ் போட்டாள். தலையைத் தாங்க, பஞ்சு வைத்துத் தைத்த பட்டையை உத்திரத்திலிருந்து தொங்கவிட்டாள். வாயைத் திறந்தே வைத்திருக்கிற இரும்புச் சட்டத்தை மாட்டிப் பார்த்தால், தலை தாழ்ந்தபோதெல்லாம் கழுத்து மணி சட்டத்தில் டங் டங் என்று இடித்தது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று மணியை அவிழ்த்தாள்.

"அதைக் கழட்டலாமா?" என்றான் புருஷன்.

"ஏன், கழட்டக் கூடாதா?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் கழட்டினதில்ல."

"யாரும் கழட்டலைன்னா கழட்டக் கூடாதுன்னு எப்படித் தெரியும்?" என்று அவள் மணியைச் சுவர் ஆணியில் மாட்டினாள். கேட்பதற்கு அறிவார்ந்த கேள்வியாகத்தான் இருந்தது.

கழுத்து நரம்பில் மயக்க ஊசி போட்டாள். சற்று நேரத்தில் டீச்சரின் கீழுதடு தொங்கியது, கண் சொருகியது, முழங்கால் லேசாக மடங்கியது. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே தூங்கிப்போன டீச்சர் எப்படி இருப்பாளோ அப்படி. தலை பட்டையில் சாய்ந்தது. நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் மோட்டார் அரத்தை உள்ளே விட்டாள். கர்ரென்ற சத்தம், பல் தூள், தீய்ந்த எலும்பு வாசனை. புருஷன் மூக்கைப் பொத்திக்கொண்டான். இடது பக்கம் மேலும் கீழும் வழவழவென்று வந்துவிட்டது. இவ்வளவு அழகான வேலையை மாமியார் வந்து பார்க்க மாட்டாளா என்று இருந்தது அவளுக்கு.

வாயைக் கழுவ மோட்டாரை நிறுத்தினாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. நான்கு கழுதைகள் புல் தின்கிற இடத்தில் மெல்லுகிற சத்தம் ஓயவே ஓயாது. அவள் திரும்பிப் பார்த்தாள். கதவுக்கு மேலே எட்டுக் காதுகள் நட்டுக்கொண்டு நின்றன.

அந்தக் கழுதைகள் இத்தனை வருஷத்தில் மணிச் சத்தம் இல்லாமல் ஒரு நாழிகை இருந்ததில்லை. தூங்கும்போதுகூட டீச்சர் தலையை அசைத்தால் ஒரு டிங் கேட்கும். இப்போது டிங் இல்லை. டீச்சர் தலை தொங்கி, வாயில் இரும்பு மாட்டி, பிணமாக நிற்கிறாள். ஜட்ஜ் இரண்டு காதையும் முன்னால் நீட்டிப் பார்த்தான். யோசித்தான். உதட்டால் தாழ்ப்பாளைத் தூக்கினான்.

அப்புறம் கொட்டகைக்குள் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. வாளி ஒரு பக்கம் உருண்டது, சேணங்கள் ஒரு பக்கம் சரிந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது என்பார்கள். புருஷனுக்குக் கால் நன்றாகவே ஓடியது. ஓடி, வைக்கோல் கட்டுகளின் உச்சியில் போய்த்தான் நின்றது. அவள் டீச்சரின் தாடையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, நான்கு கழுதைகளுக்கு நடுவில், நகர வழியில்லாமல் நின்றாள்.

வெந்நீர்ப் பாத்திரத்தோடு மாமியார் வந்தாள். வாசலிலேயே நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

"டேய் எருமை! தள்ளுடா பின்னால!... டாக்டரம்மா, தயவுசெஞ்சு கொஞ்சம் சுவரோரமா வந்துருங்க, உதைச்சாலும் உதைப்பான்... உன் தோலை உரிச்சு உத்தரத்துல தொங்கவிடறேன் பாருடா!... உங்களைச் சொல்லல டாக்டரம்மா."

"தெரியுது அத்தை" என்றாள் அவள், கழுதையின் விலா எலும்புக்குப் பின்னாலிருந்து.

"மணி எங்கங்க?"

அவள் ஆணியைக் காட்டினாள். மாமியார் மணியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு வெல்லப்பாகு மாதிரி ஒரு குரலில் சொன்னாள்: "பரவாயில்லைங்க. இதோட விட்டுருங்க. மீதியை அவரு வந்து பாத்துக்குவாரு."

அந்தப் 'பரவாயில்லைங்க'வைக் கேட்டதும் அவள் டீச்சரின் தாடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தோலை உரிக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"பாதியில விட முடியாது அத்தை. ஒரு பக்கம்தான் ராவியிருக்கு. இப்படியே விட்டா ஒரு பக்கம் தாழ்ந்து ஒரு பக்கம் உசந்து நிக்கும். டீச்சரால சரியா மெல்ல முடியாது. மயக்கம் தெளியறதுக்குள்ள முடிச்சாகணும்."

"இதுங்களை வெச்சுக்கிட்டு எப்படிங்க முடிப்பீங்க?"

"மணிச் சத்தம் கேட்டா போதும்ல? அது டீச்சர் கழுத்துலதான் இருக்கணுமா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வைக்கோல் உச்சியைப் பார்த்தார்கள். "என்னைப் பாக்காதீங்க" என்றது உச்சி.

மாமியார் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஆணியிலிருந்து மணியை எடுத்தாள். தோலில் செய்த அகலமான பட்டையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊர்வலம் போகிற கம்பீரத்தோடு வெளியே நடந்தாள். டிங் டிங் டிங். மூன்று கழுதைகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பின. வரிசை கலையாமல் அவள் பின்னால் போயின. "பாத்து மிதிங்கடா, என் குதிகால் அது" என்ற குரல் முற்றத்தைச் சுற்ற ஆரம்பித்தது.

ஜட்ஜ் போகவில்லை. மணி போகிற திசையைப் பார்த்தான். தொங்குகிற டீச்சரின் தலையைப் பார்த்தான். சத்தம் ஒன்று, சாட்சி ஒன்று, இரண்டும் ஒத்துப்போகவில்லை. அவன் நான்கு காலையும் ஊன்றி டீச்சருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான்.

அவள் மோட்டாரைத் தொட்டதும் அவன் காது பின்னால் மடிந்தது. கையை அப்படியே எடுத்துவிட்டாள். பெட்டியிலிருந்து நீளப் பிடி போட்ட கை அரத்தை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் பிடியிலிருந்து நுனி வரை முகர்ந்தான். அவள் கையை முகர்ந்தான், பல் தூளை முகர்ந்தான், அவள் கொண்டையையும் விடவில்லை. "எல்லாம் பாத்துக்கோ. ஒண்ணும் மறைக்கல" என்றாள். பிறகு வலது பக்கத்தை ராவ ஆரம்பித்தாள். சரக் சரக் என்று மரத்தை இழைக்கிற மாதிரி சத்தம். ஜட்ஜ் அவளுடைய தோளில் தாடையை வைத்துக்கொண்டு, அவள் பார்க்கிற இடத்தையே பார்த்தான். தாடையே ஒரு மூட்டை கனம். சூடான மூச்சு காதுக்குள் போனது. மோட்டார் இருந்தால் சட்டென்று முடிகிற வேலை. கையால் என்றால் தோள்பட்டை கழன்றுவிடும். அவளுக்குக் கழன்றுகொண்டுதான் இருந்தது.

வெளியே டிங் டிங் டிங். "ஏண்டா ஒட்டிக்கிட்டே வர்றீங்க, நான் என்ன உங்க சித்தியா?" டிங் டிங்.

கடைசி இரண்டு பல் மீதி. கை முழங்கை வரை உள்ளே இருந்தது. அப்போது மணி நின்றுவிட்டது.

குளம்புச் சத்தம் கதவைப் பார்த்து வந்தது. ஜட்ஜ் ஒரு எட்டு முன்னால் வைத்தான். டீச்சரின் தலை அசைந்தது, இரும்புச் சட்டம் அவள் கையை நெருக்கியது. எட்டிப் பார்த்தாள். மாமியார் குழாயடியில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை! யாரு உங்களை நிக்கச் சொன்னது?" என்று கத்தினாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. "நடங்க! மணி நின்னா என் கை போயிரும்! தண்ணியெல்லாம் அப்புறம் குடிச்சுக்கலாம். உங்க இஷ்டத்துக்கு நிக்கறதுக்கா மணியைக் கட்டிக்கிட்டீங்க? நடங்கன்னா நடங்க!"

வைக்கோல் உச்சியில் புருஷன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வீட்டில் மாமியாரை எதிர்த்துக் குரல் உயர்த்தியவர்கள் யாரும் கிடையாது. லாரி ஹாரன்கூட அவள் இருக்கும்போது அடக்கித்தான் அடிக்கும்.

டிங். டிங் டிங் டிங். முன்பைவிட வேகமாக மணி சுற்ற ஆரம்பித்தது.

டீச்சரின் வாயை முடித்து, சட்டத்தைக் கழற்றி, கழுவிவிட்டபோது அவள் கை மரத்துப்போயிருந்தது. மனசும்தான். முடிந்தது கதை, மாமியாரைக் கழுதையை ஓட்டுகிற மாதிரி ஓட்டியாகிவிட்டது, இனி ஆயுசுக்கும் 'பரவாயில்லைங்க'தான் என்று நினைத்துக்கொண்டாள். மாமியார் வந்து மணியைக் கழற்றி டீச்சர் கழுத்தில் கட்டினாள். டீச்சர் மெல்லத் தலையை ஆட்டினாள், டிங். ஜட்ஜ் அவள் வாயை நன்றாக முகர்ந்து பார்த்து, விசாரணையை முடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

அதே இடத்தில், டீச்சர் பக்கத்திலேயே, அவனுக்கும் ஊசி போட்டாள். கோவேறு கழுதைக்கு மருந்து கொஞ்சம் தூக்கலாகத்தான் போடவேண்டும். போட்டும், உச்சியிலிருந்து இறங்கி வந்த புருஷனின் காலை ஒரு தடவை மிதித்துவிட்டுத்தான் மயங்கினான். சட்டத்தை மாட்டி விளக்கை அடித்துப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு, "அத்தை, கையைக் கழுவிட்டு இங்க வாங்க" என்றாள்.

மாமியார் வந்தாள். மருமகள் அவள் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கடைசிப் பல்லின் ஓரத்தில் வைத்தாள். விரல் பட்டதும் மாமியார் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முள் மாதிரி குத்தியது. மறுபடி விட்டாள். பல்லுக்கு நேராகக் கன்னத்தின் உட்புறம் நீளமாகக் கிழிந்திருந்தது. பழைய புண், அதன்மேல் புதுப் புண்.

"இதோடயா தின்னுக்கிட்டிருந்தான்?"

"தின்ன முடியாமதான் துப்பினான் அத்தை."

மாமியார் கையை எடுக்கவில்லை. அப்படியே அவன் கன்னத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். "திமிருன்னு சொன்னேனேடா உன்னை" என்றாள். அப்புறம் ஒதுங்கி நின்று, அவள் ராவி முடிக்கிற வரைக்கும் வாளியைத் தானே பிடித்துக்கொண்டாள். கொக்கி போல நின்ற பல் சமமானது. மருமகள் புண்ணைக் கழுவினாள். சட்டத்தைக் கழற்றினாள். வேலை முடிந்தது.

மாமியார் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, உனக்கு அறிவிருக்கா?"

அவள் யாரைக் கேட்கிறாள் என்று மருமகள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"உன்னைத்தான். ஒரு வருஷமா ஜன்னல்ல நின்னு தினம் பாக்கறியே, நான் கவனிக்கலைன்னு நினைச்சியா? அவன் துப்பினதைப் பாத்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்குமே. தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது அத்தை."

"தெரிஞ்சும் ஊமைக்கோட்டான் மாதிரி நின்னியா? வாயில புண்ணை வெச்சுக்கிட்டு அவன் நிக்கறான், நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கே!"

"நீங்க கூப்பிடலையே அத்தை..."

"கூப்பிடணுமா? உன் வீட்டுக் கொட்டாய்க்குள்ள வர்றதுக்கு உன்னை வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடணுமா? பெரிய படிப்பு படிச்சவ, சாணியில கால் வெக்கச் சொன்னா என்ன நினைப்பாளோ, கேட்டு முடியாதுன்னுட்டா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறதுன்னு நான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். நீ ஒரு நாள் உள்ள வந்து, நகரு நான் பாக்கறேன்னு சொல்லியிருந்தா குறைஞ்சா போயிருப்பே? அதான் கத்தத் தெரியுதே உனக்கு! முற்றம் முழுக்க என்னை ஓட ஓட விரட்டினியே, அந்த வாய் ஒரு வருஷமா எங்க போச்சு?"

மருமகளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை. இரண்டு கையிலும் பல் தூள். ஒரு எட்டு மாமியார் பக்கமாக நகர்ந்து நின்றாள்.

"மணியைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா? கேக்க மாட்டே! இவனைக் கேட்டிருந்தாலும் இவனுக்கு என்னடி தெரியும்? டேய், நீ என்னடா முழிக்கறே? அந்த டாக்டருக்குப் போனைப் போட்டு இனிமே வர வேண்டாம்னு சொல்லு, மரியாதையாச் சொல்லு. அடுத்த வருஷம் இந்தக் கொண்டையோட வந்தே, நானே அறுத்துருவேன். இவ்வளவு தளர்த்தியாவா முடிவாங்க? கழுதை வாயில போயிருந்தா?"

புருஷன் மிதிபட்ட காலை நொண்டிக்கொண்டு குறுக்கே வந்தான். மனைவி அழுவதைப் பார்த்ததும் அவனுக்குத் தாங்கவில்லை. "போதும் விடும்மா. பாவம், காலையிலேர்ந்து நின்னு களைச்சுப் போயிருக்கா."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மருமகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அத்தை பேசிக்கிட்டிருக்காங்கல்ல."

மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.